கராஜ் இருக்கும்போது கார் ஏன் வெளியில் நனைகிறது?



கொஞ்ச நாளாக ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும், பதுளை பஸாரில் சாமான் வாங்கும்போதும் எங்களிடம் பலர் கேட்கும் கேள்வி இது. "ஷட்டர் போட்ட கராஜ் ஒன்று கட்டி வைத்துக்கொண்டு, காரை ஏன் மழையில் நனைய விடுறீங்க?" சிலர் கராஜை வாடகைக்குக் கேட்டார்கள். ஒரு நானா, கடை போடப் போகிறோமா என்றும் கேட்டார். எல்லோருக்கும் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். சொன்னால் வெட்கம் என்பதுதான் காரணம். ஆனால் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் உள்ளவர்கள் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஒருவருக்கு டவுனில் பாடசாலை, மற்றவருக்குப் பசறைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலை. காலையில் ஆறேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கினால்தான் மகளையும் விட்டுவிட்டு நேரத்துக்குக் கையெழுத்து வைக்கலாம். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நம் ஊவா மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கார் கண்ணாடி உள்ளும் புறமும் பனி பிடித்து வெள்ளையாக இருக்கும். வைப்பர் போட்டாலும் போகாது, துணியால் துடைத்தாலும் திரும்ப வரும்.

எங்கள் கார் ஒரு பழைய விட்ஸ். ஓட்டோ கியர். 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும் வரை, கையில் இருந்த வாகனத்தையே எல்லோரும் பொத்திப் பொத்தி ஓட்டினோம் அல்லவா? புதுசு வாங்க முடியாது என்றதும் பழையதற்குப் புதுசு புதுசாக ஏதாவது பூட்டும் ஆசை வந்தது. ஒருவர் பெரிய ஸ்கிரீன் போட்டார், ஒருவர் ரிவர்ஸ் கெமரா போட்டார். எங்களுக்கு வந்தது ரிமோட் ஸ்டார்ட்.

அது கனடாவிலிருந்து வந்தது. டொரண்டோவில் இருக்கும் தம்பி விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டியை நீட்டினான். "இது இல்லாம அங்க யாரும் இல்ல. மைனஸ் இருபதுல காருக்குள்ள போய் உட்காரவே ஏலாது. வீட்டுக்குள்ள இருந்து அமத்துவோம், பத்து நிமிஷத்துல கார் சூடாகி நிக்கும்." எங்களுக்கு ஒரே சந்தோஷம். சுபஹ் தொழுதுவிட்டு, தேநீர் குடித்துக்கொண்டே ஒரு பொத்தானை அமத்தினால், கீழே இறங்கும்போது கண்ணாடி தெளிந்து கார் தயாராக நிற்கும். வேறு என்ன வேண்டும்?

பூட்டுவதற்கு யாரிடம் போவது என்று யோசிக்கவில்லை. டவுனுக்கு வெளியே வாகன வயரிங் செய்யும் ஒரு தம்பி இருக்கிறார். தோட்டத்துப் பிள்ளை. எங்களில் ஒருவரிடம் பத்தாம், பதினோராம் ஆண்டில் விஞ்ஞானம் படித்தவர். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் சில வருடம் வேலை பழகிவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து சொந்தமாகத் தொழில் செய்கிறார். இன்றைக்கும் எங்களைக் கண்டால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்பார்.

பெட்டியைத் திறந்து பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சேர், கார் ஓட்டோ தானே?" என்பது. ஏன் என்று கேட்டோம்.

அவர் சொன்ன விளக்கத்தை இங்கே எழுதுகிறோம். நம் மலைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது முக்கியம். மேனுவல் காரை நாம் எப்படி நிறுத்துகிறோம்? ஹேண்ட் பிரேக்கை நம்பாமல், முதல் கியரிலோ ரிவர்ஸிலோ போட்டுத்தான் நிறுத்துகிறோம். இறக்கம் கூடுதலாக இருந்தால் டயருக்குக் கல்லும் வைப்போம். அப்படிக் கியரில் நிற்கும் காரை ரிமோட்டால் ஸ்டார்ட் செய்தால், ஸ்டார்ட்டர் மோட்டரே காரை ஒரு துள்ளு துள்ள வைத்துவிடும். முன்னால் சுவரா, பிள்ளையா, பள்ளமா என்று அதற்குத் தெரியாது. உள்ளே ஆள் இருந்தால் கிளட்சை மிதிப்பார். ரிமோட்டுக்குக் கால் இல்லை.

ஓட்டோ கியரில் அந்த ஆபத்துக்கு ஒரு பூட்டு ஏற்கனவே இருக்கிறது. கியர்பொக்ஸில் ஒரு சுவிட்ச் உண்டு. லீவர் பார்க்கில் அல்லது நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின் போகும். ட்ரைவிலோ ரிவர்ஸிலோ இருந்தால் சாவியைத் திருப்பினாலும் ஸ்டார்ட் ஆகாது. ரிமோட் ஸ்டார்ட் அந்தச் சுவிட்சை மதித்து நடக்கும்படி வயர் கொடுக்க வேண்டும். சிலர் வேலை சுருக்கமாக முடியட்டும் என்று அதைத் தாண்டி நேரே ஸ்டார்ட்டருக்கு வயர் இழுத்துவிடுவார்களாம். "அப்படிச் செஞ்ச கார் எனக்கு வந்திருக்கு சேர். பார்த்ததும் முதல்ல அத வெட்டித்தான் விட்டேன்," என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அந்தச் சுவிட்ச் நியூட்ரலிலும் ஸ்டார்ட் செய்ய விடும். தட்டையான ஊரில் அது பெரிய விஷயமில்லை. நம் ஊரில், நியூட்ரலில் விட்டு ஹேண்ட் பிரேக் போட மறந்த கார் என்ன செய்யும்? ஆகவே ஹேண்ட் பிரேக் வயரையும் இணைத்தார். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் மட்டுமே ரிமோட் வேலை செய்யும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலை நடந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கவரைக் கழற்றினார். சாவி திருப்பும் இடத்துக்கு வரும் வயர்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டார். பெட்டரியிலிருந்து நேரே வருவது ஒன்று. ரேடியோவுக்குப் போவது ஒன்று. இஞ்சின் ஓடும்போது மின் இருக்க வேண்டியது ஒன்று. ஸ்டார்ட்டருக்குப் போவது ஒன்று. நாம் சாவியைத் திருப்பும்போது கை செய்கிற வேலையைத்தான் அந்தச் சின்னப் பெட்டி ரிலேக்களால் வரிசையாகச் செய்கிறது. இஞ்சின் பிடித்துவிட்டதா என்று அறிய இன்னொரு வயர். இல்லாவிட்டால் ஓடும் இஞ்சினில் ஸ்டார்ட்டர் உரசிக்கொண்டே இருக்கும். பிரேக் மிதித்தால் இஞ்சின் உடனே நிற்க ஒரு வயர். சாவி இல்லாமல் யாரும் ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் அது. பொனெட் திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க ஒரு சுவிட்ச். யாராவது பெல்ட்டில் கை வைத்திருக்கும் நேரம் மேலே இருந்து பொத்தானை அமத்திவிடக் கூடாதல்லவா?

சாவிக்குள் சிப் உள்ள கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சிப்பைக் காணாவிட்டால் இஞ்சின் பிடிக்காது. அதற்கென்று தனியாக ஒரு மொடியூல் போட வேண்டும். சிலர் காசை மிச்சம் பிடிக்க ஸ்பெயார் சாவியையே டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைத்துவிடுவார்கள். கள்ளனுக்குச் சாவியையும் சேர்த்துக் கொடுத்த கதைதான்.

எல்லாம் முடிந்ததும் அவர் எங்களை உட்கார வைத்துச் சோதித்துக் காட்டினார். லீவரை ட்ரைவில் போட்டுப் பொத்தானை அமத்தினார், ஸ்டார்ட் ஆகவில்லை. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு அமத்தினார், ஆகவில்லை. பொனெட்டைத் திறந்து அமத்தினார், ஆகவில்லை. ஸ்டார்ட் செய்துவிட்டுப் பிரேக்கை மிதித்தார், நின்றது. பரீட்சைத் தாளைத் திருத்தியது போல ஒவ்வொன்றையும் சரி போட்டுக்கொண்டு போனார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியாகக் கேட்டார். "சேர், கார எங்க போடுவீங்க?"

"கராஜ்ல."

"ஷட்டர் இருக்கா?"

"இருக்கு."

"கராஜுக்குப் பக்கத்துல ஆள் தூங்குற ரூம் ஏதும் இருக்கா?"

அந்தக் கேள்வியை நாங்கள் சரியாகக் காதில் வாங்கவில்லை. "எல்லாம் திறந்துதான் வைப்போம்" என்று சொன்னோம். ஓடும் நேரத்தை ஐந்து நிமிடம் வைக்கவா என்று கேட்டார். கனடாத் தம்பி பத்து நிமிடம் என்றானே, நமக்குப் பனி வேறு இருக்கிறது, பதினைந்து வையுங்கள் என்றோம். அவர் கொஞ்சம் தயங்கினார். ஆசிரியர்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள் அல்லவா? கேட்டார்.

இனி எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையை வெட்டிக் கட்டிய வீடு. பாதை மட்டத்தில் கராஜ். அதன் பின்னால் ஒரு அறை. படி ஏறினால் மேலே நாங்கள். உம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு படி ஏற இறங்க முடியாமல் போனதால், அந்தக் கீழறையை அவவுக்காகவே திருத்திக் கொடுத்தோம். பாத்ரூம் பக்கத்திலேயே. கராஜ் வழியாக ஒரு கதவு. கதவுக்கு மேலே காற்று வர ஓட்டைக் கற்கள் நாலைந்து. நல்லதென்று நினைத்துச் செய்ததுதான் எல்லாம்.

மூன்று நான்கு வாரம் ராஜ வாழ்க்கை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து "ஒருக்கா அமத்திக் காட்டுங்க மாமா" என்பார்கள். உம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "ஆளில்லாத வண்டி தானா உறுமுது, பயமா ஈக்கி" என்றா. நாங்கள் சிரித்தோம்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை. இரவு முழுக்க அடைமழை. தண்ணீர் உள்ளே அடிக்கிறதென்று ஷட்டரைத் தரை வரை இறக்கியிருந்தோம். காலையில் மேலே இருந்து பொத்தானை அமத்தினோம். எங்கள் இருவரில் யார் அமத்தியது என்று இதுவரை வீட்டில் பேசியதில்லை. பேசவும் மாட்டோம். நாங்கள் அமத்தினோம். அன்றைக்கு எல்லாம் சுணங்கியது. ஒரு சப்பாத்தைக் காணவில்லை, சாப்பாடு கட்டி முடியவில்லை. பதினைந்து நிமிடம் முடிந்து கார் தானாக நின்றது. கண்ணாடி திரும்பப் பனி பிடித்துவிடுமே என்று இன்னொரு தரம் அமத்தினோம்.

மகள் வழமைபோல் தலை பின்னிக்கொள்ள உம்மாவின் அறைக்குப் போயிருந்தாள்.

கீழே இறங்கியபோது உம்மா கட்டிலில் சாய்ந்திருந்தா. முகம் வேர்த்திருந்தது. "தல வெடிக்கிற மாதிரி ஈக்கி மகன், வயித்தப் புரட்டுது" என்றா. ஒரு தரம் வாந்தியும் எடுத்தா. பிரஷர் கூடிவிட்டது என்று நினைத்தோம். கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் மீட்டர் வீட்டில் இருந்தது. மாட்டிப் பார்த்தோம். 98 காட்டியது. அப்பாடா என்று இருந்தது. கொஞ்சம் படுத்தால் சரியாகும், இஞ்சித் தேநீர் ஒன்று போடுவோம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அதுவரை கார் கதவுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது மகள், "எனக்கும் தல வலிக்குது" என்றாள்.

பிரஷர் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வராது. அந்த நொடியில்தான் அந்தத் தம்பி கேட்ட கேள்வி காதில் விழுந்தது. கராஜுக்குப் பக்கத்தில் ஆள் தூங்குகிற அறை ஏதும் இருக்கா?

காரை நிறுத்தி, ஷட்டரைத் தூக்கி, உம்மாவைக் கதிரையோடு பாதைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மழையில் குடை பிடித்தபடி எதிர் வீட்டு அண்ணன் தன் த்ரீவீலை எடுத்தார். ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொன்னதும் இருவருக்கும் முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். மகள் அன்று மாலையே விளையாட ஆரம்பித்துவிட்டாள். உம்மா இரண்டு நாள் இருந்தா. அல்ஹம்துலில்லாஹ், இன்றைக்கு உங்கள் எல்லோரையும் விட நன்றாகச் சண்டை பிடிக்கிறா.

எங்களில் ஒருவர் விஞ்ஞான ஆசிரியர் என்று சொன்னோமே. காபனோரொட்சைட்டு: நிறமற்றது, மணமற்றது, குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகச் சேரும். கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதியிருப்போம்! அந்தத் தம்பியும் இதை எங்கள் வகுப்பில் இருந்துதான் படித்திருப்பார். படித்தவர் ஞாபகம் வைத்திருந்தார். படிப்பித்த நாங்கள் மறந்திருந்தோம்.

பிறகு தேடி வாசித்ததில் தெரிந்துகொண்ட நாலு விஷயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, விரல் மீட்டர். சாதாரண மீட்டருக்கு ஒட்சிசன் ஏறிய குருதிக்கும் காபனோரொட்சைட்டு ஏறிய குருதிக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒரே சிவப்பாகப் பார்க்கும். ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போதும் 98 காட்டும். வீட்டில் அந்த மீட்டர் வைத்திருக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, குளிர் இஞ்சின். ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில்தான் இஞ்சின் கூடுதலாகப் பெற்றோல் எடுக்கிறது. புகையைச் சுத்தம் செய்யும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர் சுமார் 300 பாகை வரை சூடான பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். அதாவது ரிமோட் ஸ்டார்ட் எந்த நிமிடங்களில் ஓட வைக்கிறதோ, அந்த நிமிடங்களில் வரும் புகைதான் ஆக மோசமான புகை.

மூன்றாவது, காற்று. உடலில் ஏறிய இந்த வாயு பாதியாகக் குறையச் சாதாரணக் காற்றில் நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். முகமூடி வழியாகச் சுத்த ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். ஆகவே வெளியே கொண்டுவந்ததும் தெளிவாக இருக்கிறாரே என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது.

நாலாவது, இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்காவில் பொத்தானால் ஸ்டார்ட் செய்யும் கார்களை நிறுத்த மறந்து கராஜில் விட்டதால், 2006இலிருந்து குறைந்தது 28 பேர் இறந்ததாக 2018இல் நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. 2015இல் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி சுமார் 64,000 வோல்ட் கார்களைத் திரும்ப அழைத்தது. பெட்டரியில் சத்தமில்லாமல் நின்ற கார், பெட்டரி இறங்கியதும் தானாகப் பெற்றோல் இஞ்சினைத் தொடங்கிவிடும். சொந்தக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். டொயோட்டாவும் 2019இல், 2020 மொடல் முதல் அங்கே விற்கும் கார்கள் குறித்த நேரத்துக்குப் பின் தானாக நிற்கும் என்று அறிவித்தது. நம் பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹைப்ரிட் கார்கள் எத்தனை ஓடுகின்றன! அக்வா, ப்ரியஸ் வைத்திருப்பவர்களே, சத்தம் இல்லை என்றால் கார் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மீட்டரில் ரெடி லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அந்தத் தம்பியிடம் விஷயத்தைச் சொல்லப் போனோம். கேட்டுக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நான் வந்து பார்த்திருக்கணும் சேர்," என்றார். பிழை அவர் மேல் இல்லை என்று பலமுறை சொன்னோம். அடுத்த ஞாயிறு தானாகவே வீட்டுக்கு வந்து கராஜைச் சுற்றிப் பார்த்தார். பெட்டியைக் கழற்றிவிடச் சொன்னோம்.

"கழட்டுறது அஞ்சு நிமிஷ வேல. ஆனா சாவியால ஸ்டார்ட் பண்ணினாலும் அதே பொகதானே சேர்? ரிமோட்ட கழட்டினா கராஜ் சரியாயிடுமா?"

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்றே மேசனைக் கூப்பிட்டு அந்த ஓட்டைக் கற்களை அடைத்து, உம்மாவின் அறைக்குத் தோட்டத்துப் பக்கமாக ஜன்னல் ஒன்று வெட்டினோம். கராஜ் கதவையும் எடுத்துவிட்டுச் சுவர் வைத்தோம். காரை வெளியே, வீட்டு ஜன்னல்களுக்கு எட்டத்தில், மட்டமான இடத்தில் போடத் தொடங்கினோம். தம்பி ரிமோட்டின் நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்து, தேவையில்லாதபோது முழுசாக நிறுத்திவைக்க ஒரு சுவிட்சும் போட்டுத் தந்தார்.

யோசித்துப் பார்த்தால், எங்களுக்கு அது தேவைப்படவே இல்லை. பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர். ஹப்புத்தளை 1,400க்கு மேல் என்றாலும் அங்கேயும் மைனஸ் இருபது இல்லை. இக்காலத்து இஞ்சின் நம் குளிருக்கு அரை நிமிடம் ஓடினாலே போதும், பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் தானாகச் சூடாகும். கண்ணாடிப் பனிக்கு ஏ.சி.யையும் கண்ணாடிக்குக் காற்று அடிக்கும் பொத்தானையும் சேர்த்துப் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெளியும். டொரண்டோவின் மருந்தை நாங்கள் பதுளையின் தடிமனுக்குக் குடித்திருக்கிறோம்.

வாப்பாவிடம் அந்தக் காலத்தில் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. பெட்டரி இறங்கினால் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றுவார், அல்லது இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வார். அதற்காகவே எப்போதும் முகத்தை இறக்கம் பார்த்து நிறுத்தி, டயருக்குக் கல் வைப்பார். கல்லை எடுப்பதற்கு முன் காரை ஒரு தரம் சுற்றி வருவார். கீழே பூனை படுத்திருக்கிறதா, பின்னால் பிள்ளை நிற்கிறதா என்று பார்ப்பார். ஹேண்டில் போட்ட காலத்தில் ஆள் இஞ்சினுக்கு முன்னால் நின்றார். 1912இல் கடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்ததும் ஆள் சீட்டுக்குப் போனார். இப்போது மாடிக்குப் போய்விட்டார். வயர்களைக் கொண்டு கியரையும் பிரேக்கையும் பொனெட்டையும் பார்க்க வைக்கலாம். காரைச் சுற்றி வருகிற அந்த ஒரு சுற்றுக்கு வயர் இல்லை.

ரிமோட் ஸ்டார்ட் போடுகிறவர்களுக்கும், போட்டிருப்பவர்களுக்கும்:

1. மேனுவல் காருக்குப் போடாதீர்கள். நம் இறக்கங்களில் அது வேண்டாம்.

2. கியர் சுவிட்ச், பிரேக், ஹேண்ட் பிரேக், பொனெட் எல்லாம் இணைத்திருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்றால் அங்கே போடாதீர்கள்.

3. இறக்கத்தில் நிறுத்தும்போது, காலை பிரேக்கில் வைத்தபடி நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, காலை மெதுவாக எடுத்து, கார் ஹேண்ட் பிரேக்கில் நிற்கிறது என்று பார்த்த பிறகு பார்க்கில் போடுங்கள். பார்க் என்பது கியர்பொக்ஸுக்குள் ஒரு பல்லில் மாட்டும் சிறிய கொளுக்கி. முழு வாகனத்தின் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

4. கராஜுக்குள், போர்ட்டிகோவுக்குள், ஜன்னலுக்குக் கீழே ஓட விடாதீர்கள். ஷட்டர் திறந்திருந்தாலும் சரி. ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் வைக்காதீர்கள்.

5. ரிமோட்டைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சட்டைப் பையில் மற்றச் சாவிகளோடு போடாதீர்கள். தானாக அமந்துவிடும்.

6. ஓட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. ரிமோட் பெட்டி இரவும் பகலும் கொஞ்சம் மின் எடுத்துக்கொண்டே இருக்கும். பெட்டரி பழசென்றால் முதலில் பெட்டரியைப் பாருங்கள்.

7. வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். பிறகு ஆஸ்பத்திரி. விரல் மீட்டரை நம்பி இருக்காதீர்கள்.

கார் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது காரில் மட்டும் வருகிற வாயு இல்லை. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது வீட்டுக்குள்ளே ஜெனரேட்டர் ஓட்டியவர்களை எங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் லயன் வீடுகளில், குளிருக்குக் கரிச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு தூங்குவதைப் பார்த்திருக்கிறோம். அதுவும் இதே வாயுதான். தயவுசெய்து இதைத் தோட்டத்தில் இருக்கும் உங்கள் நண்பர்களுக்கும் எத்தி வையுங்கள். நாங்கள் எங்கள் பாடசாலைகளில் காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டோம்.

ரிமோட் இப்போது சமையலறை ஆணியில் தொங்குகிறது. எப்போதாவதுதான் எடுக்கிறோம். எடுக்கும் நாளில் உம்மா கீழே இருந்து கூப்பிடுவா. "அமத்துறதுக்கு முந்தி ஒரு வார்த்த செல்லிட்டு அமத்துங்க மகன்." நாங்களும் இறங்கிப் போய் சொல்லிவிட்டு, காரை ஒரு சுற்று சுற்றி வந்துதான் அமத்துகிறோம். அவ்வளவு தூரம் போன பிறகு சாவியாலேயே ஸ்டார்ட் செய்துவிடலாம் என்பது வேறு கதை.

கராஜ் வாடகைக்குக் கேட்டவர்களுக்கு: இல்லை. அதில் இப்போது உம்மாவின் கோழிகள் இருக்கின்றன. ஷட்டர் பாதி திறந்தே இருக்கும்.

உம்மாவுக்காக துஆ செய்யுங்கள்.